மூன்று தாள் கனத்தில் ஒரு மின்னல்

மாணவர்களே, அச்சிடும் இயந்திரத்தில் வைக்கும் ஏ4 தாள் மூன்றை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரு விரல்களுக்கு இடையே பிடித்துப் பாருங்கள். அவற்றின் மொத்தக் கனம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். நம்பிக்கை வரவில்லையென்றால் 500 தாள் கொண்ட ஒரு கட்டின் உயரத்தை அளந்து 500ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு தாளின் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர் என்று வரும்.

இந்த மூன்று தாள் கன வேறுபாடு ஒரு பெரிய வாகனத்தையே திணற வைக்கும் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் ஒருவர் சூப்பர்சார்ஜர் பொருத்திய பிக்கப் வாகனம் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஸ்பார்க் பிளக்குகள் பழசாகிவிட்டன. எட்டுப் புதிய பிளக்குகளை வாங்கி மாட்டுகிறார். சாவியைத் திருப்பியதும் என்ஜின் எழுகிறது, சீராக உறுமுகிறது. வீட்டருகே மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார், குறையே இல்லை. பிறகு நெடுஞ்சாலையில் ஏறும்போது பெடலை அழுத்தி மிதிக்கிறார். வண்டி பாய வேண்டிய நேரத்தில் விக்கி விக்கிக் குலுங்குகிறது. முகப்பில் என்ஜின் எச்சரிக்கை விளக்கு மின்னுகிறது. பெடலிலிருந்து காலை எடுத்ததும் எல்லாம் பழையபடி சரியாகிவிடுகிறது.

பிளக் புதியது. பெட்ரோல் நல்லது. பேட்டரியும் நல்ல நிலையில் இருக்கிறது. அப்படியானால் குறை எங்கே? நின்றால் நன்றாக இருப்பதும் பாய்ந்தால் திணறுவதும் ஏன்? இந்தப் புதிருக்கு விடை, இயற்பியலில் 1889ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. படிப்படியாகப் போவோம்.

லாரிக்கு ஏது ஸ்பார்க் பிளக்?

இந்தக் கேள்வி உங்களில் சிலருக்கு இந்நேரம் எழுந்திருக்கும். நியாயமான கேள்விதான். நம் சாலைகளில் ஓடும் லாரிகளில் பெரும்பாலானவை டீசல் வண்டிகள். டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் தேவையில்லை. அதில் காற்று மிகக் கடுமையாக அமுக்கப்பட்டுச் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சியதும் அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

ஆனால் அமெரிக்கர்கள் 'டிரக்' என்று சொல்லும்போது, பின்னால் திறந்த சரக்குத் தட்டு கொண்ட பிக்கப் வாகனங்களையும் சேர்த்தே சொல்கிறார்கள். அவற்றில் பல பெட்ரோலில் ஓடுபவை. ஃபோர்டு நிறுவனம் 1999 முதல் 2004 வரை விற்ற எஃப்-150 லைட்னிங் அத்தகைய ஒரு வண்டி. 'லைட்னிங்' என்றால் மின்னல். 5.4 லிட்டர் கொள்ளளவு, எட்டு சிலிண்டர்கள், அவற்றின் மேல் ஒரு சூப்பர்சார்ஜர். தொடக்கத்தில் 360 குதிரைத் திறனும் 2001 முதல் 380 குதிரைத் திறனும் தந்த என்ஜின் அது. பெயருக்கு ஏற்றாற்போல் அதன் ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு குட்டி மின்னல் வெட்டிக்கொண்டே இருக்கும்.

எத்தனை முறை தெரியுமா? நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பொறி தேவை. என்ஜின் நிமிடத்துக்கு 5,000 முறை சுழன்றால், ஒரு சிலிண்டரில் நிமிடத்துக்கு 2,500 பொறிகள். வினாடிக்கு ஏறக்குறைய 42. எட்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்தால் வினாடிக்கு 330க்கும் மேல். இவற்றில் ஒன்று தவறினாலும் அந்தச் சிலிண்டரில் அந்தச் சுற்றில் எரிதல் நடக்காது. பல தவறினால் வண்டி குலுங்கும்.

காற்றைத் திணிக்கும் கருவி

பெட்ரோல் எரிய ஆக்சிஜன் வேண்டும். அதிகப் பெட்ரோலை எரிக்க அதிகக் காற்று வேண்டும். சாதாரண என்ஜின், பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. எவ்வளவு முயன்றாலும் வெளியில் உள்ள வளிமண்டல அழுத்தத்துக்கு ஏற்ற அளவு காற்றுதான் உள்ளே வரும்.

சூப்பர்சார்ஜர் இந்த வரம்பை உடைக்கிறது. அது என்ஜினின் சுழல்தண்டிலிருந்து பெல்ட் மூலம் சுழலும் ஒரு காற்றுப் பம்ப். லைட்னிங்கில் இருந்தது 'ரூட்ஸ்' வகையைச் சேர்ந்த ஈட்டன் எம்112. அதற்குள் ஒன்றோடொன்று பின்னியபடி சுழலும் இரண்டு உருளைகள் உண்டு. ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.8 லிட்டர் காற்றை அவை தள்ளும். பெயரில் உள்ள 112 அதைத்தான் குறிக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தைச் சேர்ந்த ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற காற்றூதியின் வழித்தோன்றல் இது. கார்கள் பிறப்பதற்கு முன்பே உலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் காற்று ஊதப் பயன்பட்ட கருவி!

நீங்கள் அதிகம் கேள்விப்பட்டிருக்கும் டர்போசார்ஜரும் இதே வேலையைத்தான் செய்கிறது. அது பெல்ட்டால் சுழலாமல், வெளியேறும் புகையின் வேகத்தால் சுழல்கிறது. வேறுபாடு அவ்வளவுதான்.

லைட்னிங்கின் சூப்பர்சார்ஜர் வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கூடுதலாக 8 பி.எஸ்.ஐ. அளவு அழுத்தம் தந்தது. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. இரண்டையும் கூட்டி 14.7ஆல் வகுத்தால் 1.54 வரும். அழுத்தம் ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது. அமுக்கும்போது காற்று சூடாகி விரிவடையும் என்பதால் அடர்த்தி அதே அளவு கூடுவதில்லை. சூட்டைக் குறைக்க இடையில் இன்டர்கூலர் என்ற குளிர்விப்பான் இருந்தாலும் முழுச் சூடும் தணியாது. எனவே அடர்த்தி சுமார் 1.4 மடங்கு ஆகிறது என்று நம் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். இந்த 1.4ஐ நினைவில் வைத்திருங்கள்.

பொறி எப்படிப் பிறக்கிறது?

ஸ்பார்க் பிளக்கின் நுனியைப் பார்த்தால் இரண்டு உலோக மின்வாய்கள் தெரியும். நடுவில் ஒன்று, வெள்ளைப் பீங்கான் உறையிலிருந்து எட்டிப் பார்க்கும். மற்றொன்று, பிளக்கின் விளிம்பிலிருந்து கொக்கிபோல் வளைந்து அதன் எதிரே நிற்கும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வெற்றிடம்போலத் தெரியும் இடம்தான் 'பிளக் இடைவெளி'. உண்மையில் அது வெற்றிடம் அல்ல. காற்றும் பெட்ரோல் ஆவியும் நிறைந்த இடம்.

காற்று நல்ல மின்காப்புப் பொருள். அதன் வழியே மின்சாரம் எளிதில் பாயாது. ஆனால் மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்தக் காப்பு உடைகிறது.

எப்போதும் காற்றில் மிகச் சில எலக்ட்ரான்கள் தனித்துத் திரியும். மின்புலம் அவற்றை நேர்மின்வாயை நோக்கி இழுக்கிறது. ஓடும் எலக்ட்ரான் வழியில் ஒரு மூலக்கூறின் மீது மோதுகிறது. போதிய வேகம் இருந்தால் அந்த மூலக்கூறிலிருந்து இன்னோர் எலக்ட்ரானைத் தட்டிவிடும். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். கண்ணிமைப்பதற்குள் கோடிக்கணக்கான எலக்ட்ரான்கள் பெருக்கெடுக்கும். காற்று அயனியாகி மின்சாரத்துக்கு வழி விடும். அதுதான் பொறி.

இங்கே முக்கியமான சொல், 'போதிய வேகம் இருந்தால்' என்பது. தீபாவளிக்கு முந்தைய நாள் பிரிக்பீல்ட்ஸ் தெருவில் ஓடிப் பாருங்கள். இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் யார் மீதாவது மோதுவீர்கள்; வேகமே எடுக்க முடியாது. அதே தெருவில் விடியற்காலையில் ஓடினால் வேகம் பிடிக்கலாம். எலக்ட்ரானுக்கும் இதே நிலைதான். காற்றில் மூலக்கூறுகள் நெருக்கமாக இருந்தால் அது வேகம் எடுப்பதற்குள் மோதி ஆற்றலை இழந்துவிடும். அந்தக் குறுகிய ஓட்டத்திலேயே போதிய வேகம் எடுக்க வேண்டுமென்றால், இழுக்கும் மின்புலம் மிகப் பலமாக இருக்க வேண்டும். ஆகவே காற்று எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு அதிக வோல்ட் தேவை.

பாஷென் கண்டது

ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷென் இதை முறையாக அளந்தார். காற்று, ஹைட்ரஜன், கார்பன் டைஆக்சைடு ஆகிய வாயுக்களில், வெவ்வேறு அழுத்தங்களில், மின்வாய்களுக்கு இடையே பொறி பாய எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்று சோதித்து, 1889இல் முடிவுகளை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 24.

தேவைப்படும் மின்னழுத்தம், அழுத்தத்தை மட்டும் பொறுத்ததல்ல, தூரத்தை மட்டும் பொறுத்ததும் அல்ல என்று அவர் கண்டார். அழுத்தத்தையும் தூரத்தையும் பெருக்கினால் கிடைக்கும் எண்ணே அதைத் தீர்மானிக்கிறது. அழுத்தத்தை இரு மடங்காக்கித் தூரத்தைப் பாதியாக்கினால் பெருக்குத்தொகை மாறாது. தேவைப்படும் வோல்ட்டும் மாறாது. வெப்பநிலையும் மாறும் இடங்களில் அழுத்தத்துக்குப் பதிலாக அடர்த்தியை எடுத்துக்கொள்ள வேண்டும். இடையில் எத்தனை மூலக்கூறுகள் நிற்கின்றன என்பதே விஷயம். (மிக மிகக் குறைந்த அழுத்தத்தில் இந்தப் போக்கு தலைகீழாகும். என்ஜினுக்குள் அந்த நிலை வருவதில்லை.)

இதுதான் பாஷென் விதி. பிளக் இடைவெளியை அமைப்பவர், தெரிந்தோ தெரியாமலோ, இந்த விதியைத்தான் கையாள்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சாதாரண வளிமண்டல அழுத்தத்தில், 1 மில்லிமீட்டர் காற்றைத் தாண்டப் பொறிக்கு ஏறத்தாழ 3,000 வோல்ட் வேண்டும் என்பது நினைவில் வைக்க எளிதான அளவு. பிஸ்டன் மேலே வந்து கலவையை அமுக்கும்போது அடர்த்தி பல மடங்கு கூடுகிறது. எளிமைக்காக 8 மடங்கு என்று எடுத்துக்கொள்வோம். பிளக் இடைவெளி 1 மில்லிமீட்டர்.

முதல் நிலை: சூப்பர்சார்ஜர் இல்லாத என்ஜின், பெடல் முழுவதும் அழுத்தப்பட்டிருக்கிறது. 3,000 × 8 × 1 = 24,000 வோல்ட்.

இரண்டாம் நிலை: சூப்பர்சார்ஜர் முழு வேகத்தில் காற்றைத் திணிக்கிறது. 3,000 × 8 × 1.4 × 1 = 33,600 வோல்ட்.

மூன்றாம் நிலை: அதே சூப்பர்சார்ஜர் என்ஜின் சிவப்பு விளக்கில் நிற்கிறது. பெடலை விட்டதும் காற்றுவழி ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. உள்ளே வரும் காற்றின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். 0.35 மடங்கு என்று எடுத்துக்கொண்டால், 3,000 × 8 × 0.35 × 1 = 8,400 வோல்ட்.

இப்போது பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் பாருங்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை, நீங்கள் பாடத்தில் படித்த மின்காந்தத் தூண்டல் மூலம் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துவது அதுதான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் உதாரண வண்டியின் காயில் 30,000 வோல்ட் வரை தரும் என்று கொள்வோம். நிற்கும்போது 8,400 போதும். காயிலுக்கு அது விளையாட்டு. பெடலை அழுத்தியதும் 33,600 தேவை. காயிலால் அந்த உயரத்தை எட்ட முடியவில்லை. பொறி பிறக்காமல் போகிறது. வண்டி விக்குகிறது.

முதலில் சொன்ன புதிர் அவிழ்ந்துவிட்டது! புதிய பிளக்கில் குறை இல்லை. அதன் இடைவெளிதான் சூப்பர்சார்ஜர் இல்லாத என்ஜினுக்கு ஏற்ற 1 மில்லிமீட்டராகவே இருந்துவிட்டது.

இனி தீர்வு. இடைவெளியை 1 மில்லிமீட்டரிலிருந்து 0.7 மில்லிமீட்டராகக் குறைப்போம். 3,000 × 8 × 1.4 × 0.7 = 23,520 வோல்ட். முதல் நிலையில் இருந்த 24,000க்கு ஏறக்குறைய திரும்பிவிட்டோம். அடர்த்தி 1.4 மடங்கு கூடியது, தூரத்தை 1.4ஆல் வகுத்தோம், பெருக்குத்தொகை மாறவில்லை. குறைத்த அந்த 0.3 மில்லிமீட்டர்தான் நீங்கள் விரல்களுக்கு இடையே பிடித்த மூன்று தாள்.

இவை வழியைக் காட்டும் தோராயக் கணக்குகள். உண்மையான என்ஜினில் மின்வாயின் சூடு, அதன் கூர்மையான விளிம்புகள், பெட்ரோல் கலவை ஆகியவற்றால் எண்கள் சற்றுக் கூடும், குறையும். ஆனால் திசை மாறாது.

பொறி வேறு வழி தேடினால்

காயில் தரும் உயர் மின்னழுத்தம் பிளக் நுனியில் தாண்ட முடியாவிட்டால் என்ன ஆகும்? மின்சாரம் எளிதான வேறு பாதையைத் தேடும். சிலிண்டருக்குள் 1 மில்லிமீட்டர் என்பது, அங்குள்ள நெருக்கத்தால், வெளிக்காற்றில் 11 மில்லிமீட்டருக்கும் மேலான தூரத்துக்குச் சமம். காயிலையும் பிளக்கையும் இணைக்கும் ரப்பர் உறையில் ஒரு கீறல் இருந்தால் போதும். உள்ளே தாண்டுவதைவிட வெளியே பீங்கானின் மேற்பரப்பு வழியாக உலோகத்துக்குத் தாவுவது சுலபமாகிவிடும். பல பிளக்குகளின் பீங்கானில் வளையம் வளையமாக மேடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேற்பரப்புப் பாதையை நீளமாக்கி இந்தத் தாவலைத் தடுக்கவே அவை இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் இதே சிக்கலைச் சந்தித்தன. உயரத்தில் வெளிக்காற்று மெலிந்துவிடும். ஆனால் சூப்பர்சார்ஜர் காரணமாக சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாகவே இருக்கும். அதனால் பிளக்கில் பாய வேண்டிய பொறி, மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ என்ற கருவிக்குள்ளேயே தாவிவிட்டது. பொறியாளர்கள் என்ன செய்தார்கள்? மேக்னெட்டோவுக்குள்ளும் காற்றை அழுத்தி அடைத்தார்கள். அங்கேயும் மூலக்கூறுகள் நெருங்கியதும் பொறி தவறான இடத்தில் தாவுவது நின்றது.

பொறி தவறுவதை வெறும் குலுக்கல் என்று விட்டுவிட முடியாது. எரியாத பெட்ரோல் அப்படியே புகைக்குழாய்க்குப் போகிறது. அங்கே நச்சு வாயுக்களைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கி மாற்றி இருக்கிறது. எரியாத பெட்ரோல் அதற்குள் எரிந்து அளவுக்கு மீறிச் சூடேற்றினால், அதன் தேன்கூடு போன்ற உட்பகுதி உருகிக் கெட்டுவிடும். அதன் விலை, எட்டுப் பிளக்குகளின் விலையைவிடப் பல மடங்கு. பணத்தை விடுங்கள். நெடுஞ்சாலையில் ஒரு பெரிய லாரியை முந்தும் நேரத்தில் என்ஜின் திணறினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் இன்னும் குறைக்கலாமே?

நல்ல கேள்வி. 0.7 நல்லது என்றால் 0.2 இன்னும் நல்லதுதானே?

இல்லை. பொறி பாய்ந்தால் மட்டும் போதாது. அது தீயாக வளர வேண்டும். பொறியைச் சுற்றி முதலில் பிறப்பது ஊசிமுனை அளவு சுடர்தான். அதன் இருபுறமும் உலோக மின்வாய்கள் நிற்கின்றன. உலோகம் வெப்பத்தை வேகமாக உறிஞ்சும். இடைவெளி மிகக் குறுகலாக இருந்தால், பிறந்த சுடரின் வெப்பத்தை மின்வாய்களே குடித்துவிடும். சுடர் வளரும் முன்பே அணைந்துவிடும்.

உலோகம் தீயை அணைக்குமா என்று வியக்க வேண்டாம். 1815இல் சர் ஹம்ப்ரி டேவி உருவாக்கிய சுரங்கப் பாதுகாப்பு விளக்கு இந்தத் தத்துவத்தில்தான் இயங்கியது. விளக்கைச் சுற்றி நுண்ணிய கம்பி வலை. வலையின் சிறு துளைகளைக் கடக்கும்போது சுடர் வெப்பத்தை இழந்துவிடுவதால், சுரங்கத்தில் உள்ள எரிவாயுவுக்குத் தீ பரவாது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. கலவை அடர்த்தியாக இருக்கும்போது, அதே சிறு இடத்தில் அதிக எரிபொருள் இருப்பதால் அதிக வெப்பம் பிறக்கும். சுடர் குறுகிய இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். ஆகவே சூப்பர்சார்ஜர் முழு வேகத்தில் இயங்கும்போது சிறிய இடைவெளி போதும். ஆனால் அதே என்ஜின் சிவப்பு விளக்கிலும் நிற்க வேண்டுமே! அப்போது கலவை மெலிந்து, முந்தைய சுற்றின் புகையும் கலந்து, பற்றிக்கொள்ளத் தயங்கும். அங்கே அகலமான இடைவெளிதான் உதவும்.

ஆகவே இரண்டு தேவைகள் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன. சுடர் பிழைக்க இடைவெளி அகலமாக வேண்டும். பொறி தாண்ட இடைவெளி குறுகலாக வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் பொறி தவறாத அளவுக்குள், எவ்வளவு அகலமாக வைக்க முடியுமோ அவ்வளவு அகலம் வைப்பதே சரியான அமைப்பு. 'பெரிய இடைவெளி, பெரிய பொறி, அதிகச் சக்தி' என்று சிலர் சொல்வது பாதி உண்மை. மீதிப் பாதியை பாஷென் சொல்லிவிட்டார்.

இடைவெளியை அமைக்கும் முறை

இந்த வேலையை நல்ல மெக்கானிக் எப்படிச் செய்கிறார் என்று பார்ப்போம்.

முதலில் என்ஜின் நன்றாக ஆறும்வரை காத்திருப்பார். பல என்ஜின்களின் மேற்பகுதி அலுமினியத்தால் ஆனது. சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் அதன் திருகுப் புரிகள் சேதமாகலாம். அடுத்து, பிளக் குழியில் உள்ள தூசியையும் மணலையும் காற்றடித்து வெளியேற்றுவார். இல்லையேல் பிளக்கை எடுத்ததும் அவை சிலிண்டருக்குள் விழும்.

அளப்பதற்கு ஃபீலர் கேஜ் என்ற கருவி உண்டு. வெவ்வேறு கனமுள்ள மெல்லிய உலோகத் தகடுகள், விசிறிபோல் ஒரே கொத்தாக இருக்கும். கம்பி வடிவிலும் கிடைக்கும். வேண்டிய கனமுள்ள தகட்டை இரு மின்வாய்களுக்கும் இடையே செருகினால், லேசான உரசலோடு நுழைய வேண்டும். இறுகினால் இடைவெளி குறைவு. உரசாமல் வழுக்கினால் இடைவெளி அதிகம்.

திருத்தும்போது வெளியே வளைந்திருக்கும் மின்வாயை மட்டுமே, அதற்கான கருவியால் மெல்ல வளைக்க வேண்டும். நடு மின்வாயின் மீது எதையும் ஊன்றி நெம்பக் கூடாது. இப்போதைய பல பிளக்குகளில் நடு மின்வாயின் நுனி இரிடியம் அல்லது பிளாட்டினத்தால் ஆனது. சில இரிடியம் நுனிகளின் விட்டம் 0.4 மில்லிமீட்டர்தான், தவறாகத் தொட்டால் உடைந்துவிடும். பீங்கானில் விரிசல் விழுந்தாலும் அந்தப் பிளக் வீண்.

பெட்டியில் 'இடைவெளி அமைக்கப்பட்டது' என்று எழுதியிருந்தாலும் எட்டையும் அளந்து பார்க்க வேண்டும். வரும் வழியில் ஒன்று கீழே விழுந்திருந்தால் இடைவெளி சுருங்கியிருக்கும். அலகிலும் கவனம் தேவை. அமெரிக்க வண்டிகளுக்கு அளவு அங்குலத்தில் தரப்படும். 0.028 அங்குலம் என்பது 0.71 மில்லிமீட்டர், 0.035 அங்குலம் என்பது 0.89 மில்லிமீட்டர். 25.4ஆல் பெருக்கிச் சரிபாருங்கள்.

மாட்டும்போது முதலில் கையாலேயே திருக வேண்டும். நேராக இறங்குவது உறுதியானதும், குறிப்பிட்ட விசையில் இறுக்க உதவும் டார்க் ரென்ச்சால் முடிக்க வேண்டும். எந்த வண்டிக்கு எவ்வளவு இடைவெளி என்பதை அந்த வண்டியின் கையேடோ, அந்த என்ஜினைச் சீரமைத்தவரோதான் சொல்ல வேண்டும். நாம் எடுத்த 0.7 ஓர் உதாரணம் மட்டுமே.

ஒருமுறை அமைத்தால் எப்போதும் அப்படியே இருக்குமா? இராது. ஒவ்வொரு பொறியும் மின்வாயிலிருந்து அணுவளவு உலோகத்தை அரித்துச் செல்கிறது. நாளடைவில் இடைவெளி அகலும். கூர்மையான விளிம்புகள் மழுங்கும். இரண்டுமே தேவைப்படும் வோல்ட்டை உயர்த்தும். சூப்பர்சார்ஜர் வண்டிகளில் பிளக்கை அடிக்கடி சோதிப்பதன் காரணம் இதுதான்.

நம் வீட்டு வாசலில்

லைட்னிங் பிக்கப்பை நீங்கள் நம் சாலையில் பார்க்காமல் இருக்கலாம். ஆனால் டர்போசார்ஜர் பொருத்திய பெட்ரோல் கார்கள் நம்மிடையே நிறைய ஓடுகின்றன. புரோட்டோன் எக்ஸ்50 அவற்றில் ஒன்று. மூலக்கூறுகளுக்கு அது எந்த நாட்டு வண்டி என்று தெரியாது. அங்கேயும் இதே விதிதான். அண்ணன் ஓட்டும் கப்சாயிலும் ஒரு பிளக் இருக்கிறது. அதிலும் ஓர் இடைவெளி இருக்கிறது. பெரியவர்கள் துணையின்றி அதைக் கழற்ற வேண்டாம். இயங்கும் என்ஜினின் காயிலையோ பிளக் உறையையோ தொடவே கூடாது. பழைய பிளக் ஒன்றை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, மேசையில் வைத்துப் பார்ப்பதே போதும்.

ஃபோர்டு நிறுவனம் 2022இல் லைட்னிங் என்ற பெயரை மறுபடியும் ஒரு பிக்கப்புக்குச் சூட்டியது. அது முழுக்க மின்சாரத்தில் ஓடும் வண்டி. அதில் சூப்பர்சார்ஜர் இல்லை. ஸ்பார்க் பிளக்கும் இல்லை. ஆனால் உயர் மின்னழுத்தம் தாங்கும் இணைப்புகளை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்று கணக்கிடும் பொறியாளர், பொறி தாவாத தூரத்தையே தேடுகிறார். பழைய லைட்னிங்கில் பொறி தாவ வேண்டும். புதியதில் தாவக் கூடாது. கேள்வி அதேதான்.

பிளக் பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பிய அந்த வண்டிக்காரர் பெரிய தவறு எதுவும் செய்துவிடவில்லை. அந்த எண் எந்தச் சூழ்நிலைக்கு உரியது என்று கேட்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். அறிவியலில் எந்த எண்ணைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள். நீர் 100 பாகையில் கொதிக்கும் என்கிறோமே, எந்த அழுத்தத்தில்?

சிந்தித்துப் பாருங்கள்

1. ஒரே காரைக் கிள்ளானிலும் கெந்திங் மலையுச்சியிலும் ஓட்டுகிறோம். அதில் டர்போவோ சூப்பர்சார்ஜரோ இல்லை. எந்த இடத்தில் பிளக்குக்கு அதிக வோல்ட் தேவைப்படும்? ஏன்?

2. ஒரு வண்டியில் அடர்த்தி 1.6 மடங்கு ஆகிறது. சூப்பர்சார்ஜர் இல்லாதபோது அதன் பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டர். வோல்ட் தேவை மாறாமல் இருக்க வேண்டுமென்றால் புதிய இடைவெளி எவ்வளவு?

3. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்ற வண்டி, மேட்டில் ஏறும்போது மட்டும் விக்குகிறது. சமதளத்தில் விக்குவதில்லை. பாஷென் விதியைக் கொண்டு உங்கள் அப்பாவுக்கு விளக்குங்கள்.